142-க்கு எத்தனை காரணி?

கம்பம் பள்ளத்தாக்குல பொறந்தவங்களுக்கு சில எண்களை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லைங்க. 136, 142, 152 மூணும் பெரியாறு அணையோட அடிக்கணக்கு. 71 வைகை அணை நிறையிற அளவு. 999 குத்தகை வருஷம். 14,707 எங்க பள்ளத்தாக்குல இருபோகம் நெல்லு விளையிற ஏக்கர் கணக்கு, ஜூன் மாசம் தண்ணி திறக்கிறப்போ எல்லாப் பேப்பர்லயும் வரும். ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோன ஆளு கூட டீக்கடையில உக்காந்து இந்த எண்களைத் தப்பில்லாம சொல்லுவாரு.

இதே எண்களை வச்சு என் தங்கச்சிக்குக் காரணிக் கணக்கு சொல்லிக் குடுத்ததைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கணக்குன்னதும் ஜன்னலை மூடிட்டு ஓடிராதீங்க மக்களே. நானும் வாத்தியார் இல்ல. போடியில ஒரு ஏலக்காய் கடையில கணக்கு எழுதுறவன், அம்புட்டுத்தான்.

தங்கச்சின்னா கூடப் பொறந்தவ இல்ல, சித்தப்பா மக. கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு. ப்ளஸ் டூ முடிச்ச கையோட கல்யாணம். இப்ப ஆறாவது படிக்கிற ஒரு மக. காலையில அஞ்சரைக்கு ஜீப் வந்துரும். கம்பம்மெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிற வேலை. சாயங்காலம் இருட்டுறப்போ இறங்குவா. மலைப்பாதையில ஜீப் உருண்டுருச்சுன்னு எப்பவாவது சேதி வரும் பாருங்க, அன்னிக்கு இந்தப் பக்கம் ஊர்கள்ல எல்லா வீட்டுலயும் போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். நானும் ரெண்டு தடவை அப்படி அவளுக்குப் போன் போட்டு, அவ எடுக்குற வரைக்கும் நின்ன இடத்துலயே நின்னுருக்கேன். அந்த ஜீப்பை விட்டு இறங்க அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி குரூப் 4. பத்தாவது பாஸ் போதும், வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், தட்டச்சர்னு வேலை.

2024 ஜூன் 9-ஆம் தேதி எழுதினா. தமிழ் நல்லாவே போட்டிருந்தா. கணக்குப் பகுதியில 25-க்கு 9. அந்த ஒம்பதுலயும் பாதி குருட்டாம்போக்குன்னு அவளே சொன்னா.

பரீட்சை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 200 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவுன்னு சொல்ற கணக்கு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். மூணு மணி நேரத்தை 200-ஆல வகுத்துப் பாருங்க, ஒரு கேள்விக்கு 54 செகண்ட். கேள்வியைப் படிக்க, யோசிக்க, வட்டத்தைக் கருப்பாக்க எல்லாம் சேர்த்து 54 செகண்ட்.

ஞாயித்துக்கிழமை தோட்ட வேலை கிடையாது. மகளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. மொத நாளே நோட்டை விரிச்சு, "அண்ணே, 72-க்கு எத்தனை காரணின்னு கேட்டா அடுக்கோட ஒண்ணு கூட்டிப் பெருக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஏன் ஒண்ணு கூட்டணும்? சிலசமயம் ஒண்ணு கழிச்சுப் பெருக்கிப் போட்டுட்டு வந்துர்றேன்"னா.

நியாயமான கேள்வி. கோச்சிங் சென்டர்லயும் சரி, யூட்யூப்லயும் சரி, இதைச் சொல்ற விதம் ஒண்ணுதான். 72-ஐ உடை, 2³ × 3². அடுக்கு 3, 2. ஒண்ணு கூட்டு, 4, 3. பெருக்கு, 12. முடிஞ்சது, அடுத்த கணக்கு. ஏன்னு கேட்டா "உனக்கு மார்க் வேணுமா, விளக்கம் வேணுமா?"ன்னு கேப்பாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க, ஒரு ஹால்ல அத்தனை பேரு. ஆனா காரணம் தெரியாத சூத்திரம் பரீட்சை ஹால்ல கால வாரும். கூட்டணுமா கழிக்கணுமான்னு ஒரு சந்தேகம் வந்தாலே 54-ல இருபது போச்சு.

அன்னிக்குக் காலையில வீட்டுல இட்லியும் வடையும். தட்டுல மூணு இட்லி, ரெண்டு வடையை வச்சேன்.

"இதுல இருந்து நீ இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம். எத்தனை விதமா எடுக்கலாம்?"

"இட்லி ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணு விதம். வடை ரெண்டு விதம். ஆறு."

"வடை மட்டும் தின்னக்கூடாதா?"

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தா. "அப்ப இட்லி எடுக்காம விடுறதும் ஒரு விதமா? அப்படின்னா இட்லிக்கு நாலு. வடைக்கு மூணு. பன்னெண்டு."

இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? ஒவ்வொரு இட்லியும் ஒரு 2, ஒவ்வொரு வடையும் ஒரு 3. எடுத்ததை எல்லாம் பெருக்கினா ஒரு காரணி. ரெண்டு இட்லி ஒரு வடைன்னா 2×2×3, அதாவது 12. எல்லாத்தையும் எடுத்தா 72. அந்தக் கூட்டுற 1 எங்க இருந்து வருதுன்னா, 'எடுக்காம விடுறது'ங்கிற வழியில இருந்து வருது.

"ரெண்டையும் எடுக்கலைன்னா?"

"அதான் 1. எந்த எண்ணுக்கும் 1 ஒரு காரணி இல்லையா?"

"அப்ப பட்டினி கிடந்தா 1" என்று சிரிச்சா. அவ மக அதுக்குள்ள ஒரு வடையைக் காலி பண்ணியிருந்துச்சு. 2³ × 3-ஆகிப் போச்சு, எட்டுக் காரணிதான் மிச்சம்.

கழிக்கிற பிரச்சினை அன்னியோட முடிஞ்சது. அதுக்குப் பிறகு ஒருநாள் கூட ஒண்ணைக் கழிச்சதில்ல.

இட்லிக் கணக்கு புரிஞ்சுருச்சுன்னா மத்ததெல்லாம் வாலைப் பிடிச்சுக்கிட்டு வரும். 360-க்கு எத்தனை ஒற்றைக் காரணி? 360 = 2³ × 3² × 5. ஒற்றை வேணும்னா 2-ஐத் தொடவே கூடாது. 3-க்கு மூணு வழி, 5-க்கு ரெண்டு வழி, ஆறு. 1, 3, 5, 9, 15, 45. மொத்தம் 24, அதுல ஆறு போனா இரட்டைக் காரணி 18. முழு வர்க்கமா இருக்கிற காரணி எத்தனைன்னு கேட்டா எல்லாத்தையும் ஜோடி ஜோடியாத்தான் எடுக்கணும்: 2-ல ஒண்ணுமில்ல இல்லாட்டி ரெண்டு, 3-லயும் அப்படியே, 5 ஒண்ணுதான் இருக்கு, அதைத் தொட முடியாது. 2×2 = 4. அதாவது 1, 4, 9, 36. இதுக்கெல்லாம் தனித்தனி சூத்திரம் போட்டு புக்கு விக்கிறாங்கய்யா!

அவளுக்கு உண்மையான சிக்கல் கணக்குல இல்ல, தமிழ்ல இருந்துச்சு. (தமிழ்ல நல்ல மார்க் எடுத்த புள்ளைக்கு!) "72-ன் காரணிகள் எத்தனை"ன்னா 12. "72-ன் வெவ்வேறு பகாக் காரணிகள் எத்தனை"ன்னா 2 மட்டும். 72-ஐப் பகா எண்களோட பெருக்கலா எழுதினா வர்றது 2, 2, 2, 3, 3-ன்னு அஞ்சு. ஒரே எண்ணுக்கு மூணு விடை, மூணும் ஆப்ஷன்ல இருக்கும். அவசரத்துல 'பகா' கண்ணுல படாது. "1-ஐயும் அதே எண்ணையும் தவிர்த்து"ன்னு வால் ஒட்டியிருந்தா இன்னும் ரெண்டைக் கழிக்கணும்.

இது போதாதுன்னு சொல் குழப்பம் வேற. ஒரு புத்தகத்துல மீப்பெரு பொது வகுத்தி, மீ.பொ.வ. மக புத்தகத்துல மீப்பெரு பொதுக் காரணி, மீ.பெ.கா. ரெண்டும் ஒண்ணுதான். மீச்சிறு பொது மடங்கு ஒரு எடத்துல மீ.சி.ம., இன்னொரு எடத்துல மீ.பொ.ம. மீ.பொ.வ-வும் மீ.பொ.ம-வும் ஒரே பக்கத்துல வந்தா, தோட்டத்துல இருந்து இறங்கி ராத்திரி எட்டு மணிக்கு மேல படிக்கிற கண்ணுக்கு 'வ'வும் 'ம'வும் ஒண்ணாத்தான் தெரியும். எத்தனையோ குழு போடுறாங்க, இந்தச் சுருக்கெழுத்துக்கும் ஒரு குழு போட்டுத் தொலைக்கக் கூடாதா?

சரி, அணைக்கு வருவோம்.

பயிற்சிக்குப் பெரிய எண் வேணும்ல, புத்தகத்துல இருக்கிற 420, 1260 எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிருச்சு. அதனால நம்ம ஊர் எண்களையே குடுத்தேன். 136-ஐ உடைச்சா 2³ × 17, எட்டுக் காரணி. 152-ஐ உடைச்சா 2³ × 19, அதுவும் எட்டு. 1979-ல 152-ல இருந்து 136-க்கு இறக்கினாங்களே, காரணிக் கணக்குல ஒரு நட்டமும் இல்ல பாருங்க. 2006-லயும் 2014-லயும் சுப்ரீம் கோர்ட் சொன்ன 142-க்குத்தான் காரணி கம்மி. 2 × 71, நாலே நாலு.

அதை உடைச்ச உடனே அவளே நிமிர்ந்து பார்த்தா. "அண்ணே, 71 நம்ம வைகை அணைல்ல?"

இத்தனை வருஷமா ரெண்டு எண்ணையும் பேப்பர்ல பார்க்கிறேன், பெரியாறு அளவு வைகை அளவுக்குச் சரியா ரெண்டு மடங்குன்னு எனக்குத் தோணினதே இல்லைங்க. அர்த்தம் ஒண்ணும் கிடையாது, தற்செயல்தான். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை பூரா அவ மூஞ்சியில ஒரு பெருமை.

வைகையில இன்னொரு வேடிக்கை. 66 அடிக்கு வந்தா மொத வெள்ள அபாய எச்சரிக்கை. 66 = 2 × 3 × 11, எட்டுக் காரணி. மூணாவது எச்சரிக்கை 69-ல, 3 × 23, நாலு. நிறைஞ்சா 71, பகா எண், ரெண்டே ரெண்டு. தண்ணி ஏற ஏற காரணி பாதி பாதியாக் குறையுது. (ரெண்டாவது எச்சரிக்கை 68.5 அடி. அது நம்ம ஆட்டத்துக்கு வராது.)

14,707-க்கு நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மல்லுக்கட்டினோம். 2 போகாது, 3 போகாது (1+4+7+0+7 = 19), 5 போகாது. 7-க்கு ஒரு வழி இருக்கு, கடைசி இலக்கத்தை ரெண்டு மடங்காக்கி மிச்சத்துல கழிக்கணும். 1470-ல 14 போனா 1456. 145-ல 12 போனா 133. 13-ல 6 போனா 7. போகும்! 14,707 = 7 × 2101. 2101-க்கு 11: 2 − 1 + 0 − 1 = 0, அதுவும் போகும். மிச்சம் 191. 14×14 = 196-ங்கிறதால 13 வரைக்கும் பகா எண்களைப் பார்த்தாப் போதும், எதுலயும் போகல. ஆக 7 × 11 × 191, எட்டுக் காரணி. ராமானுஜன் பேரோட ஒட்டிக்கிட்ட டாக்சி நம்பர் 1729 இருக்குல்ல, அது 7 × 13 × 19. அதே ஜாடை, அதே எட்டு. நம்ம நெல்லு வயலும் அந்த டாக்சியும் காரணி வகையில பங்காளிங்க.

எங்க அப்பத்தா திண்ணையில இருந்து இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும். பள்ளிக்கூடம் போகாத மனுஷி. ஒருநாள், "ஒரு கலத்துக்கு எத்தனை காரணின்னு போடுங்கத்தா"ன்னுச்சு. அப்பத்தா கணக்குல எட்டுப் படி ஒரு மரக்கால். ரெண்டு மரக்கால் ஒரு பதக்கு. ரெண்டு பதக்கு ஒரு தூணி. மூணு தூணி ஒரு கலம். படியில சொன்னா 8 × 2 × 2 × 3 = 96. 2⁵ × 3, பன்னெண்டு காரணி. 100-ஐ எடுத்துக்கிட்டா 2² × 5², ஒம்பதுதான். களத்துல நெல்லை மூணாப் பங்கு போடணும்னா 100 கையை விரிச்சுரும். 96 பாதி, மூணுல ஒண்ணு, கால், ஆறுல ஒண்ணு, எட்டுல ஒண்ணு எல்லாத்துக்கும் வழி விடும். பங்கு பிரிக்கிற இடத்துல பொறந்த அளவுல்ல, காரணி அதிகமாத்தான் இருக்கும். 100-க்குள்ள 12 காரணிக்கு மேல எதுக்கும் கிடையாது. 60, 72, 84, 90, 96-ன்னு அஞ்சு எண்ணுதான் அந்த 12-ஐத் தொடுது. நாளுக்கு 60 நாழிகை, சுத்துக்கு 60 வருஷம்னு வச்சவங்க இதை அனுபவத்துல கண்டுபிடிச்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

ராமானுஜன் இதுலயும் இருக்காரு. தன்னை விடச் சின்ன எண் எல்லாத்தையும் விட அதிகக் காரணி இருக்கிற எண்ணுக்கு உயர் பகு எண்ணுன்னு பேரு. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120-ன்னு போகும். 1915-ல லண்டன் கணிதச் சங்கத்து வெளியீட்டுல இதைப் பத்தி நீளமா ஒரு கட்டுரை எழுதினாரு. 6746328388800 வரைக்கும் பட்டியல் போட்டாரு, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல. அந்தக் கடைசி எண்ணுக்கு 10,080 காரணி. பட்டியல்ல ஒரே ஒரு எண்ணு விட்டுப்போச்சு, 293318625600. இதைச் சொன்னதும் தங்கச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ராமானுஜமே ஒண்ணை விட்டிருக்காரா? அப்ப நான் 25-ல அஞ்சு விட்டா என்ன?"

செங்கோட்டைப் பக்கம் வல்லத்துல 1901-ல பொறந்த எஸ். எஸ். பிள்ளையும் இதே எண்களைப் பத்தி எழுதினவரு. 1950-ல அமெரிக்காவுக்குப் போற வழியில கெய்ரோ பக்கம் விமான விபத்துல போயிட்டாரு. நம்ம மேற்கு மலையடிவாரத்து ஆளு, இந்தப் பக்கம் எத்தனை பேருக்கு அவர் பேரு தெரியும்?

ஜீப்புலயும் அவ படிச்சா. கூட வர்ற பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தொத்திக்கிச்சு. ஒருநாள் போன்ல, "அண்ணே, இன்னிக்கு 13 பேரு. எப்படி உக்கார வச்சாலும் வரிசை சரியா வரல. டிரைவரைச் சேர்த்தா 14, அப்ப ரெண்டு ஏழு"ன்னு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஜீப்புல 14 பேரு உக்காரலாமாங்கிறது வேற கணக்கு.

2025 ஜூலை 12 பரீட்சை. அறிவிச்சப்போ 3,935 இடம், விண்ணப்பிச்சவங்க 13 லட்சத்துக்கும் மேல. மூணு வாரம் தோட்டத்துக்குப் போகாம படிச்சா, மூணு வாரக் கூலி போச்சு. விடைக்குறிப்பு வந்ததும் உக்காந்து சரிபார்த்தோம். கணக்குல 25-க்கு 19. ஒம்பதுல இருந்து பத்தொம்பது! ஆனா பொது அறிவுல சறுக்கிட்டா. அரசியலமைப்பும் நடப்புச் செய்தியும் ஜீப்புல உக்காந்து படிக்கிற சங்கதி இல்லபோல. ரிசல்ட் வந்தப்போ அவ நம்பர் வரல.

வீட்டுக்காரர் ஒண்ணும் திட்டலையாம். "திங்கக்கிழமை ஜீப்புக்கு இடம் சொல்லவா?"ன்னு மட்டும் கேட்டாராம். இவளும் சொல்லச் சொல்லிட்டா. பொது அறிவுக்கு நான் உதவ முடியாது, எனக்கே சட்டப்பிரிவு எண்கள் ஒண்ணும் நிக்காது. உத்தமபாளையத்துல ஒரு டீச்சரம்மா ஞாயித்துக்கிழமை சொல்லித் தர்றதா ஒத்துக்கிட்டு இருக்காங்க. மகளுக்குக் கணக்கு இப்ப இவளே சொல்லிக் குடுக்குறா, இட்லியை வச்சுத்தான்.

போன வாரம் சாயங்காலம் கடையில இருக்கிறப்போ வாட்சப்புல குரல் செய்தி. பின்னாடி ஜீப் சத்தம். "அண்ணே, 1886-ல பெரியாறு குத்தகை போட்டாங்கள்ல, 8,000 ஏக்கர், 999 வருஷம். 8,000-ஐயும் 999-ஐயும் பெருக்குனா வர்ற எண்ணுக்கு எத்தனை காரணி? பெருக்கிப் பார்க்கக் கூடாது. 54 செகண்ட். ஆரம்பிங்க."

நான் 40 செகண்ட்ல சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க பார்ப்போம்.